டேப் ரிக்கார்டருக்கு வின்ஸ்டன் என்று பெயர்

மேடையில் ஒரு லேப்டாப். ஒருவர் அதில் ஒரு தட்டு தட்டிவிட்டு ஒதுங்கி நின்று ஆடுகிறார். இன்னொருவர் மைக் முன்னால் நின்று நாட்டையே திட்டித் தீர்க்கிறார். பாட்டு முடிந்ததும் முதலாமவர் மறுபடி வந்து இன்னொரு தட்டு. அவ்வளவுதான் ஸ்லீஃபர்ட் மாட்ஸ். டிரம்ஸ் கிடையாது, கிட்டார் கிடையாது. வடக்கு லண்டனில் குன்றின் மேல் இருக்கிற அலெக்ஸாண்ட்ரா பேலஸில், 2023 கடைசியில், கூடம் கொள்ளாத கூட்டத்தோடு இதைப் பார்த்துவிட்டுப் பஸ்ஸுக்காகச் சரிவில் இறங்கிவரும்போது மகள் ஆரம்பித்தாள்.

"ஏம்மா, அந்த ஆண்ட்ரூ ஃபெர்ன் என்னதான் பண்ணார்? ப்ளே பட்டனை அமுக்கவா இவ்வளவு டிக்கெட்?"

"அந்த இசை மொத்தமும் அவர் வீட்டுல உட்கார்ந்து செஞ்சதுதான்டி."

"அப்போ வீட்டுலயே கேட்டிருக்கலாமே."

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஏனென்றால் இதே கேள்வியை நான் வேறொரு வாயில் கேட்டு வளர்ந்தவள். மதுரையில் எங்கள் தெரு முனையில் திருவிழாவுக்கு மெல்லிசைக் கச்சேரி வைப்பார்கள். ரிக்கார்டில் இருக்கிற மாதிரியே வாசிக்கிற குழுவுக்குத்தான் கைதட்டல். அப்புறம் ஒரு கட்டத்தில் ட்ராக், அதாவது முன்னமே பதிவு செய்த வாத்திய இசை, வந்தது. வயலின்காரர்கள் நாலு பேர் போய், ஒரு கீபோர்டும் ஒரு பெட்டியும் மிஞ்சின. மாமா நாற்காலியை மடக்கிக்கொண்டு எழுந்துவிடுவார். "ட்ராக்கைப் போட்டுட்டு வாயசைக்கிறான், இதுக்கு ரேடியோ போதும்" என்பார். அந்த அலட்சியத்தை அப்படியே பெட்டியில் வைத்துக்கொண்டுதான் நான் லண்டனுக்கு வந்தேன்.

இந்த இசைப் பக்கம் என்னை இழுத்துவிட்டவர் டூட்டிங்கில் என்னோடு மருந்துக் கடையில் வேலை செய்கிற ஒரு பெரியவர். லிவர்பூல் பக்கத்து ஆள். மருந்து அடுக்குகிற பின்னறையில் எண்பதுகளின் பாட்டுதான் ஓடும். ட்ராக் விஷயத்தில் மாமாவின் கட்சியைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "ஓஎம்டி மேடை ஏறும்போது டிரம்மரே கிடையாது, டேப் ரிக்கார்டர்தான். அதுக்குப் பேரே வெச்சிருந்தாங்க, வின்ஸ்டன்னு" என்றார்.

ஓஎம்டி என்பது ஆர்கெஸ்ட்ரல் மனூவர்ஸ் இன் த டார்க் என்ற குழு. அதை ஆரம்பித்த ஆண்டி மெக்ளஸ்கியும் பால் ஹம்ப்ரீஸும் விர்ரல் தீபகற்பத்துப் பள்ளித் தோழர்கள். 1975 செப்டம்பரில், பதினாறு வயது மெக்ளஸ்கி லிவர்பூல் எம்பயர் அரங்கில் க்ராஃப்ட்வெர்க்கைப் பார்த்தார். உட்கார்ந்திருந்த இருக்கை எண் கியூ 36 என்று பேட்டிக்குப் பேட்டி சொல்வார். ஜெர்மன்காரர்கள் நாலு பேர், கிட்டாரே இல்லாமல், மின்சாரப் பெட்டிகளைத் தட்டிக்கொண்டு. கையில் காசில்லாத இந்த இரண்டு பையன்களும் கிடைத்த சாமான்களை வைத்து முயன்றார்கள். 1978 அக்டோபரில் லிவர்பூலின் எரிக்ஸ் கிளப்பில், ஒரே ஒரு தடவை என்று சொல்லித்தான் மேடை ஏறினார்கள். பக்கத்தில் வின்ஸ்டன். எரிக்ஸ் அப்போது பங்க் என்கிற முரட்டுக் கிட்டார் இசைக் குழுக்கள் வந்துபோகிற இடம். கிட்டாரில் மூன்று கார்டு (chord) வாசிக்கத் தெரிந்தால் குழு ஆரம்பிக்கலாம் என்று பங்க் சொன்னது. இவர்கள் ஒரு விரலால் வாசித்தாலும் போதும் என்று அதையும் தாண்டிப் போனார்கள்.

பங்க் வேறு, சின்த் என்கிற சின்தசைசர் இசை வேறு என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது ரிக்கார்டுக் கடைக்காரர்கள் அலமாரிக்காகப் பிரித்தது. 1978இல் கேரி நியூமன் தன் பங்க் குழுவோடு ஆல்பம் பதிவு செய்ய ஸ்டூடியோவுக்குள் போனார். யாரோ வாடகைக்கு எடுத்த மினிமூக் சின்தசைசர் ஒன்று திருப்பிக் கொடுக்கப்படாமல் அங்கே கிடந்தது. ஒரு கட்டையை அமுக்கினார், அறை அதிர்ந்தது. மறு வருஷம் அவர் பிரிட்டனில் முதலிடத்தில் இருந்தார், அதுவும் சின்தசைசர் பாட்டோடு.

சரி, ஓஎம்டிக்கு வருவோம். 'பாஹவுஸ் ஸ்டேர்கேஸ்' ஆல்பத்துக்கு அப்புறம், 2024 மார்ச்சில் தேம்ஸ் கரையில் இருக்கிற ஓ2 அரங்குக்குப் பெரியவரும் நானும் போனோம். இருபதாயிரம் பேர் பிடிக்கிற இடம் அது. பெரிய அரங்குகள் எனக்குப் பிடிக்காது. மேலே உட்கார்ந்தால் மேடை தீப்பெட்டி அளவு, கழிப்பறைக்குப் போனால் ரெண்டு பாட்டு போய்விடும். ஆனாலும் மெக்ளஸ்கி அந்தத் தூரத்தைக் கைகளாலேயே கடந்துவிடுகிறார். கைகளைக் காற்றாடி மாதிரி சுற்றுவது, முட்டியை மடக்கித் துள்ளுவது, பேஸ் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டே குதிப்பது. அந்த ஆட்டத்துக்குப் பயிற்சி ஆசிரியர் நடனம் என்று பட்டப்பெயர் உண்டு. பெட்டிகளை வைத்து வாசிக்கிறவர்கள் அசையாமல் நிற்பார்கள் என்று எல்லாரும் நினைத்த காலத்தில், வேண்டுமென்றே ஆட ஆரம்பித்தவர். அறுபதைத் தாண்டியும் விடவில்லை. நாலாவது பாட்டில் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது, திரையில் பார்த்தேன்.

ஹம்ப்ரீஸ் நேர் எதிர். 'சுவனீர்' பாட மட்டும் கீபோர்டுக்குப் பின்னாலிருந்து வெளியே வருவார். நடுவில் நின்று, மெல்லிய குரலில், கைகளை எங்கே வைப்பது என்று தெரியாத ஆள் மாதிரி பாடிவிட்டுத் திரும்ப உள்ளே போய்விடுவார். அந்த வெட்கம் நாற்பது வருஷத்தில் தேய்ந்துபோயிருக்க வேண்டும். தேயவில்லை.

'எனோலா கே' வந்தபோது மொத்த அரங்கும் எழுந்தது. ஹிரோஷிமா மேல் குண்டு போட்ட விமானத்தின் பெயர் அது. குண்டு விழுந்த நேரம், எட்டேகால், பாட்டிலேயே வருகிறது. அதற்குத்தான் இத்தனை பேர் கையை ஆட்டிக்கொண்டு குதிக்கிறார்கள். 1980இலும் இதைப் பற்றிச் சிலர் முகம் சுளித்தார்களாம். எனக்கும் அன்றைக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் உட்காரவில்லை.

இப்போது அவர்களுக்கு நிஜ டிரம்மர் இருக்கிறார். பழைய டிரம்மர் மால்கம் ஹோம்ஸுக்கு 2013 ஜூலையில் டொரான்டோ மேடையிலேயே திடீரென்று இதயம் நின்றுபோனது. பிழைத்தார், ஆனால் குழுவோடு அதற்குமேல் வாசிக்க முடியவில்லை. ஸ்டூவர்ட் கெர்ஷா அந்த இடத்துக்கு வந்தார். வின்ஸ்டனுக்கு இந்தத் தொல்லை கிடையாது என்று பெரியவர் வரும் வழியில் சொன்னார். நான் சிரிக்கவில்லை, அவரும் சிரிக்கவில்லை. அவருக்கும் நெஞ்சுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள் நான்தான்.

பெரிய அரங்குக்கு நேர்மாறு, பப்பின் பின்னறை. பிரிக்ஸ்டனில் விண்ட்மில் என்று ஒரு பப், பக்கத்துப் பூங்காவில் 1816இல் கட்டின காற்றாலை இன்னும் நிற்கிறது, பெயர் அதிலிருந்து. ஷேம், பிளாக் மிடி, ஸ்க்விட், பிளாக் கன்ட்ரி நியூ ரோடு குழுக்கள் எல்லாம் பெயர் வெளியே தெரிவதற்கு முன்னால் அங்கேதான் கத்திக்கொண்டிருந்தார்கள். இந்த மாதிரிச் சின்ன இடங்கள் ஒவ்வொன்றாக மூடுகின்றன. 2023இல் மட்டும் பிரிட்டனில் 125 போய்விட்டதாக மியூசிக் வென்யூ டிரஸ்ட் கணக்குச் சொன்னது. வாடகை, மின்கட்டணம், மேல்மாடியில் புதிதாகக் குடிவந்தவர் சத்தம் என்று போடும் புகார், இப்படி. ஓ2 மாதிரி இடங்களின் டிக்கெட்டில் ஒரு பவுண்டு எடுத்துச் சின்ன இடங்களுக்குக் கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுக்கட்டும். நாளைக்கு ஓ2வை நிரப்பப் போகிறவர்கள் இன்றைக்கு எங்கே பழகுவது?

அப்படி ஒரு பின்னறையில் ஒரு ஜோடியைப் பார்த்தேன். பெண் பாட, பையன் கீபோர்டும் லேப்டாப்பும். பெயர் சொன்னால் அவர்களுக்குச் சங்கடம். மூணாவது பாட்டின் நடுவில் சத்தம் பட்டென்று நின்றது. லேப்டாப் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது. பையன் முகத்தில் ரத்தம் இல்லை. குனிந்து ஒரு வயரைப் பிடுங்குகிறான், செருகுகிறான். பின்னாலிருந்து ஐஸ் மெஷின் கடகடக்கிறது. அந்தப் பெண் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தொடையில் தட்டித் தாளம் போட்டுக்கொண்டு பாட்டைத் தொடர்ந்தாள். குரல் கொஞ்சம் ஸ்ருதி இறங்கியது, பிடித்துக்கொண்டாள். முன்வரிசையில் ஒருவர் பார் மேஜையைத் தட்ட ஆரம்பித்தார், ரெண்டு வரி போனதும் நாங்களும். லேப்டாப் உயிர் வந்தபோது, பிடிவாதமாகப் பாட்டை முதலிலிருந்து ஆரம்பித்தது. அவள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு மறுபடி முழுசாகப் பாடினாள். இரண்டாவது தடவை சுத்தமாக இருந்தது. முதல் தடவைதான் நன்றாக இருந்தது.

மாமாவிடம் இதைச் சொன்னால், "பார்த்தியா, நான் சொன்னேன்ல" என்பார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. லேப்டாப் இல்லாவிட்டால் அந்தப் பெண்ணுக்குப் பின்னால் நிற்க ஐந்து பேர் வேண்டும், ஐந்து பேருக்கு வண்டி வேண்டும், பெட்ரோல் வேண்டும். வாசலில் வசூலாகிற காசுக்கு ரெண்டு பேர் வருவதே பெரிசு. பங்க்காரர்கள் வறுமையைக் கிட்டார் சத்தத்தால் மறைத்தார்கள், இவர்கள் லேப்டாப்பால் மறைக்கிறார்கள்.

சில விஷயத்துக்கு ட்ராக் போட முடியும், ஆனால் போடக் கூடாது. பஸ்காக்ஸ் என்ற பழைய பங்க் குழுவின் கச்சேரியில் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். 1976 ஜூன் 4ஆம் தேதி செக்ஸ் பிஸ்டல்ஸ் பங்க் குழுவை மான்செஸ்டருக்குக் கூட்டிவந்து லெஸ்ஸர் ஃப்ரீ டிரேட் ஹாலில் வாசிக்க வைத்தவர்கள் பஸ்காக்ஸின் ஹோவர்ட் டிவோட்டோவும் பீட் ஷெல்லியும். வந்தது சில டஜன் பேர்தான். ஆனால் அதற்கப்புறம் மான்செஸ்டரில் ஆரம்பித்த குழுக்களில் பாதிப் பேர் அன்றைக்கு அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொள்வார்கள். டிவோட்டோ சீக்கிரமே விலகினார், ஷெல்லி பாட ஆரம்பித்தார். உயர்ந்த, கொஞ்சம் சிணுங்குகிற குரல். அதட்டுகிற பங்க் பாடகர்கள் நடுவில் காதலைப் பற்றி வெட்கமில்லாமல் புலம்பினவர். 1981இல் அவரே தனியாக 'ஹோமோசேப்பியன்' என்று சின்த் பாட்டு ஒன்றை வெளியிட்டார், பிபிசி தடை போட்டது. அந்தப் பாட்டைத் தயாரித்த மார்ட்டின் ரஷன்ட், அதில் பழகின வித்தையை அதே வருஷம் ஹியூமன் லீக் என்ற சின்த் குழுவின் 'டேர்' ஆல்பத்தில் காட்டினார். அலமாரிப் பிரிவினை பற்றி மேலே சொன்னேனே, இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஷெல்லி 2018 டிசம்பரில் எஸ்டோனியாவில் இறந்தார். ஆரம்பத்தில் பேஸும், டிவோட்டோ போனபின் கிட்டாரும் பக்கத்தில் நின்று வாசித்த ஸ்டீவ் டிகிள் இப்போது நடுவில் வந்துவிட்டார். அவருக்கு எழுபது வயது ஆகிவிட்டது. சொந்தப் பாட்டு 'ஹார்மனி இன் மை ஹெட்' வரும்போது டிகிள் ராஜா. கையை வீசி அடிக்கிறார், பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார், முன்வரிசைக்குக் கிட்டாரை நீட்டுகிறார். ஷெல்லியின் பாட்டுகள் வரும்போது கதை வேறு. டிகிளின் குரல் கரகரப்பு, அந்தச் சிணுங்கல் அதில் ஏறாது. அவர் ஏற்ற முயற்சி செய்வதும் இல்லை. 'எவர் ஃபாலன் இன் லவ்' வந்ததும் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிவிட்டார். பெரியவர் என் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு, ஸ்ருதியே இல்லாமல், தொண்டை கிழியப் பாடினார். கூட்டத்தில் பாதி வழுக்கைத் தலை, பாதி பேருக்கு முட்டி வலி. அவ்வளவு பேரும் பதினேழு வயது ஏமாற்றத்தைப் பாடுகிறார்கள்.

ஷெல்லி குரலைப் பதிவிலிருந்து எடுத்து ஓடவிட்டிருக்கலாம். கிழக்கு லண்டனில் 2022இலிருந்து ஆபா குழுவின் உருவங்கள் திரையில் பாடுகின்றன, கீழே நிஜ வாத்தியக்காரர்கள் வாசிக்கிறார்கள், கூட்டம் அலைமோதுகிறது. யாரும் குறை சொல்லவில்லை. எனக்கு டிகிளின் பொருந்தாத குரல் போதும். அந்தக் கச்சேரி நன்றாக இருந்ததா என்று கேட்டால், இசையாகச் சுமார். மூணு பாட்டு அவசரத்தில் ஓடிப்போனது, டிகிள் நடுவில் பேசினது ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் மறுபடி வந்தால் போவேன்.

லாம்ப்ரீனி கேர்ள்ஸுக்கு மகள்தான் கூட்டிப்போனாள். பெரியவர் வரவில்லை, முட்டி என்றார். பிரைட்டன் குழு, முதல் ஆல்பம் 2025 ஜனவரியில் வந்தது. லாம்ப்ரீனி என்பது சூப்பர்மார்க்கெட்டில் கீழ்த்தட்டில் இருக்கும் மலிவான பேரிக்காய் மது, அதன் விளம்பர வாசகத்தைத்தான் குழுப் பெயராக எடுத்துக்கொண்டார்கள். லேப்டாப்பை வைத்துச் சண்டை போட இங்கே வழியே இல்லை. கிட்டாரும் குரலும் ஃபீபி லன்னி, பேஸ் லில்லி மசியேரா, பின்னால் டிரம்ஸ். லன்னி மேடையில் இருந்த நேரத்தைவிடக் கூட்டத்துக்குள் இருந்த நேரம் அதிகம். மைக் வயரை ஆட்கள் தலைக்கு மேல் கைமாற்றிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். 'பாய்ஸ் இன் த பேண்ட்' பாட்டுக்கு முன்னால் இசை உலகத்தில் பெண்களிடம் அத்துமீறுகிறவர்களைப் பற்றிப் பேசினாள். பிரசங்கம் என்று சிலருக்குத் தோன்றலாம். என் மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவளுக்குத் தோன்றவில்லை.

ஒருவரை ஒருவர் இடித்து ஆடுவதற்காகக் கூட்டம் நடுவில் வட்டமாகப் பிரிந்தது. நான் சுவர் ஓரமாக ஒதுங்கினேன், ஐந்தடிக்காரிக்கு வேறு வழியில்லை. மகள் பையை என்னிடம் திணித்துவிட்டு உள்ளே ஓடினாள். டிரம்ஸில் அடி விழுந்ததும் வட்டத்துக்குள் இடி ஆரம்பித்தது. ஒரு பையன் சறுக்கி விழுந்தான். அவன் தரையைத் தொட்டதுமே நாலு கை அக்குளில் கொடுத்துத் தூக்கி நிறுத்தின, ஒருத்தி அவன் தோளைத் தட்டி முகத்தைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டிக் கேட்டாள், அவன் தலையாட்டினான், மறுபடி இடி. கொஞ்ச நேரத்தில் ஒரு ஷூ தலைக்கு மேலே போனது. தொலைத்தவர் கண்ணில் படட்டும் என்று ஒருவர் தூக்கிப் பிடித்துக்கொண்டே குதிக்கிறார். ஒற்றைக் காலில் நொண்டியபடி ஒரு பெண் வந்து வாங்கிக்கொண்டாள். நான் பார்த்த கூட்டங்களில் வரிசையில் இடிக்காமல் நின்ற கூட்டங்களைவிட இது மரியாதையான கூட்டம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், மருந்துக் கடைக்காரி என்ற முறையில். இயர் பிளக் இல்லாமல் இந்த மாதிரி இடத்துக்குப் போகாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2022இல் அரங்குகளுக்குச் சொன்ன உச்ச வரம்பு 100 டெசிபல், அதுவும் பதினைந்து நிமிடச் சராசரி. ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றால் அதைத் தாண்டுவது சுலபம். பஞ்சைச் சுருட்டி வைப்பது வேலைக்காகாது. வாசலிலேயே சிலிகானில் செய்தது விற்பார்கள், பாட்டு மங்காமல் சத்தம் மட்டும் குறையும். பெரியவருக்கு ராத்திரியில் காதுக்குள் விசில் சத்தம் கேட்கும். எழுபதுகளில் யாரும் சொல்லவில்லை என்பார்.

அவரையும் மகளையும் ஒரே இடத்தில் சேர்த்தது நேஷன் ஆஃப் லாங்க்வேஜ். நியூயார்க்கின் புரூக்ளின் குழு. பாடகர் இயன் டெவேனி சின்ன வயதில் அப்பாவின் காரில் கேட்ட ஓஎம்டியின் 'எலெக்ட்ரிசிட்டி' பாட்டைப் பெரியவனான பிறகு மறுபடி கேட்டு, அதனால்தான் இந்தக் குழுவை ஆரம்பித்தார். சின்தசைசர் வாசிக்கிறவர் அவர் மனைவி ஏடன் நோயல். இவர்கள் கல்யாணத்தில் பரிசுப் பொருள் வேண்டாம், ஆல்பம் பதிவு செய்யப் பணமாகக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். மொய்ப்பணத்தில் வந்த ஆல்பம்! 2020இல் வெளியானது. இதைக் கேள்விப்பட்ட அன்றே எனக்கு இவர்களைப் பிடித்துவிட்டது.

மேடையில் மூணு பேர், டிரம்மர் இல்லை. தாளம் பெட்டியிலிருந்து வருகிறது. நோயல் கீபோர்டை விட்டுக் கையை எடுக்காமலே தோளும் இடுப்புமாக ஆடுகிறார். டெவேனி ஒரு பக்கமாகச் சாய்ந்து, கைகளை வெட்டி வெட்டி வீசி ஆடுகிறார். அந்த ஆட்டத்தைப் பார்த்ததும் பெரியவர் என் முழங்கையை இடித்தார். எங்கே பார்த்தது என்று எனக்கும் தெரிந்தது. மகள் இந்தத் தடவை பெட்டியைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. கடைசிப் பாட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு ஆடிக்கொண்டிருந்தாள்.

வெளியே வரும்போது டிஷர்ட், ரிக்கார்டு விற்கிற மேஜை முன்னால் நின்றோம். பெரியவருக்குப் பெருமை தாங்கவில்லை. "அந்த பேஸ் லைன் எங்க ஊர் சரக்கு, தெரியுமா?" என்றார் மகளிடம்.

"உங்க ஊர் சரக்கு ஜெர்மன்காரங்ககிட்ட எடுத்ததுதானே? அம்மா சொன்னாங்க, சீட்டு நம்பரோட."

அவர் என்னை ஒரு முறை முறைத்தார். அப்புறம் பர்ஸை எடுத்து ரிக்கார்டு ஒன்று வாங்கினார். விலையைக் கேட்டதும், 1979இல் இந்தக் காசுக்கு எத்தனை ரிக்கார்டு வாங்கியிருப்பேன் தெரியுமா என்று ஆரம்பித்தவர், விக்டோரியா லைனில் ஏறி உட்கார்ந்த பிறகும் நிறுத்தவில்லை.